ஆன்லைன் கன்சோல் கேமிங்குக்கு வீட்டு ரவுட்டரை அமைத்தல்: எதை முதலில் செய்வது, எதைத் தொடவே வேண்டாம்

கேமில் லேக் அடித்தால் பெரும்பாலானோர் முதலில் பிளானை உயர்த்துகிறார்கள். அதற்கும் சரியாகாவிட்டால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றுகிறார்கள், பிறகு ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கன்சோலுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போடுகிறார்கள். கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமல் கை வைப்பதால் மூன்றும் வீணாகிப் போகின்றன.

ஆன்லைன் ஆட்டம் பெரும்பாலும் மணிக்குச் சில நூறு எம்பிக்கு மேல் எடுக்காது. 40 எம்பிபிஎஸ் பிளானே அதற்குத் தாராளம். ஆட்டத்தைக் கெடுப்பவை வேறு: பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) அதிகமாக இருப்பது, பிங் குதித்துக்கொண்டே இருப்பது, பாக்கெட் (தகவல் துண்டு) தொலைவது, நேட் (வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிர ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்) அடைத்துக்கொண்டு வாய்ஸ் சாட்டும் பார்ட்டியும் சேராமல் போவது. ஒவ்வொன்றுக்கும் காரணமும் தீர்வும் தனித்தனி.

கீழே சொல்வதெல்லாம் நம் ஊர் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் அமைப்புக்கு: இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி எனும் ஃபைபர் பெட்டி, அதன் பின்னால் சிலர் வாங்கி வைத்திருக்கும் சொந்த ரவுட்டர், ஒரு பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ், இல்லையென்றால் ஸ்விட்ச்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேன் போர்ட் (நெட் கேபிள் மாட்டும் துளை) உள்ள ஒரு லேப்டாப். போர்ட் இல்லாவிட்டால் யூஎஸ்பி லேன் அடாப்டர் போதும். ஃபோனை வைத்து மட்டும் அளந்தால் வைஃபையின் குறையையும் லைனின் குறையையும் பிரித்துச் சொல்ல முடியாது.

நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு லேன் கேபிள், குறைந்தது கேட் 5இ.

ரவுட்டர், ஓஎன்டி இரண்டின் அட்மின் பாஸ்வேர்டு. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். முகவரி பலவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1.

உங்கள் லைன் பிபிபிஓஇ முறையில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டுக்குள் நுழையும் முறை) ஓடினால் அதன் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (நிறுவனம் தன் லைனில் இணையத்துக்கென ஒதுக்கும் எண்). இதை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். பாதி வேலையில், ராத்திரி பத்து மணிக்கு லைன்மேனுக்கு ஃபோன் போட்டால் எடுக்க மாட்டார்.

எதையும் மாற்றும் முன் ஓஎன்டியின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தையும் ரவுட்டரின் வேன் பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படம்தான் வழி.

1. கோளாறு எந்தத் துண்டில் என்று பிரியுங்கள்

கன்சோலிலிருந்து கேம் சர்வர் வரை போகும் பாதையில் மூன்று துண்டுகள்: கன்சோல் முதல் ரவுட்டர் வரை, ரவுட்டர் முதல் இணைய நிறுவனம் வரை, அங்கிருந்து சர்வர் வரை. முதல் இரண்டில் மட்டும்தான் உங்கள் கை ஓங்கும்.

இரவு 9 மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் நெட் பயன்படுத்தும் நேரத்தில் அளந்து பாருங்கள். காலை 6 மணிக்கு எல்லா லைனும் நன்றாகத்தான் இருக்கும்.

லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, ரவுட்டரின் முகவரிக்கு 100 பிங் (கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ping கட்டளை) அனுப்புங்கள். கேபிளில் 1 மில்லிவினாடி அல்லது அதற்கும் கீழே வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, கன்சோல் இருக்கும் அதே இடத்தில் லேப்டாப்பை வைத்து வைஃபையில் அதையே செய்யுங்கள். இங்கே 3, 4, 3, 85, 4, 140 என்று எண்கள் துள்ளினால் உங்கள் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனத்துக்குப் புகார் கொடுத்துப் பயனில்லை.

அடுத்து, லேப்டாப்பை மறுபடி கேபிளில் இணைத்து, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு 100 பிங். வீட்டில் யாரும் எதுவும் டவுன்லோடு செய்யாதபோதே இது குதித்தால் அல்லது தொலைந்தால் லைனில் கோளாறு. ஓஎன்டியின் பான் (ஃபைபர் லைன்) பக்கத்தில் ஒளியின் வரவு அளவைப் பாருங்கள். ஜிபான் எனும் வழக்கமான வீட்டு ஃபைபர் லைனில் அது மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம்முக்குள் (சிக்னல் வலிமையின் அளவு) இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால், ஜன்னல் இடுக்கில் மடங்கிய ஃபைபர், அழுக்கேறிய கனெக்டர், தெருப் பெட்டியில் மோசமான ஒட்டு என ஏதோ ஒன்று. இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் ‘ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்ற பதிலைத் தாண்டி ஆள் வருவார்.

மூன்றாவது துண்டில் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,030 கிலோமீட்டர்; போய் வர 10 மில்லிவினாடி. சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், 29 மில்லிவினாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் கருவிகளும் உண்டு என்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும். சிங்கப்பூர் சர்வரில் ஆடிக்கொண்டு 15 பிங் கேட்டால் எந்த ரவுட்டராலும் தர முடியாது. கேமின் செட்டிங்கில் சர்வர் ரீஜன் தேர்வு இருந்தால், அது தவறுதலாக ஐரோப்பாவில் நிற்கிறதா என்று பாருங்கள். சில நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

2. கன்சோலைக் கேபிளுக்கு மாற்றுங்கள்

இந்த ஒரு படி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தரும். வைஃபையில் ஒரே சானலை வீட்டுக் கருவிகளும் பக்கத்து வீட்டுக் கருவிகளும் முறை போட்டுப் பகிர்கின்றன. முறை வரும்வரை கன்சோல் காத்திருக்கும், மோதினால் மறுபடி அனுப்பும். கேபிளில் அந்தக் காத்திருப்பு இல்லை.

கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தரும். புதிதாக இழுப்பதானால் கேட் 6 வாங்குங்கள். சுத்தச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் போட்ட மலிவு ரகம் கிரிம்ப் செய்யும் (முனையில் பிளக்கை அழுத்தி மாட்டும்) இடத்தில் ஒடியும், சில மாதத்தில் இணைப்பு விட்டு விட்டு வரும்.

கேபிளை இழுத்த எலக்ட்ரீஷியனே கிரிம்ப் செய்தால் நிற வரிசையைச் சரிபாருங்கள். கிளிப் கீழே இருக்க, பொன்னிறப் பின்கள் மேலே தெரிய, இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் இரண்டு கம்பிகளும் நீலத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். பலர் ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவது இங்கேதான். அப்படி அடுக்கினால் குட்டைக் கேபிளில் ஓடுவது போலத் தெரியும், நீளம் கூடினால் பிழை கொட்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

மாட்டியபின் ரவுட்டரின் லேன் நிலைப் பக்கத்தில் வேகம் பாருங்கள். 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் நான்கு ஜோடியில் ஒன்று சேரவில்லை, அல்லது அந்த போர்ட்டே 100தான். பல ஓஎன்டி பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. ஆடுவதற்கு 100 போதும். 100 ஜிபி கேமை இறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆனால் வேகம் 1000க்கும் 100க்கும் மாறி மாறிக் காட்டினால் விடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் இணைப்பு ஓரிரு நொடி அறுந்து சேர்கிறது, மேட்ச்சிலிருந்து வெளியே தள்ளுவது அதுதான்.

பழைய ஸ்விட்ச் டாக்கில் லேன் போர்ட் கிடையாது, யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். ஓலெட் மாடலின் டாக்கிலும் ஸ்விட்ச் 2 டாக்கிலும் போர்ட் உண்டு.

3. கேபிளுக்கு வழியே இல்லை என்றால்

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஓனர் விட மாட்டார் என்ற நிலையில் வைஃபைதான். அப்போது 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. அபார்ட்மென்ட்டில் அவற்றில் இருபது வீடு இருக்கும். மைக்ரோவேவ் அவனும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான்.

ரவுட்டரில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ எனும் வசதியை அணைத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயரில் இருந்தால் ரவுட்டர் கன்சோலை 2.4க்குத் தள்ளிவிடலாம், ஆட்டத்தின் நடுவிலேயே. பிஎஸ்5இல் வைஃபை அலைவரிசையை 5 என்று பூட்டும் வசதியும் இருக்கிறது. முதல் பிஎஸ்4 மாடலுக்கு 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. ஸ்லிம், ப்ரோவில் உண்டு.

சானலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் ஒன்றில் நிறுத்துங்கள், அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சானல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் அலை என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் அந்தச் சானலை விட்டுத் தாவ வேண்டும் என்பது விதி. தாவும்போது இணைப்பு அறும்.

ஃபோனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, கன்சோல் இருக்கும் இடத்தில் சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 60 டிபிஎம் அருகே இருந்தால் நல்லது, மைனஸ் 70ஐத் தாண்டினால் ரவுட்டரையோ கன்சோலையோ நகர்த்தியே ஆக வேண்டும். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், கான்கிரீட் தூண், டிவியின் பின்பக்கம் நான்கும் சிக்னலுக்கு எதிரி. நம் வீடுகளில் ஓஎன்டியை வாசல் நிலைக்கு மேல் மாட்டிவிட்டு, கன்சோலை டிவிக்குப் பின்னால் செருகுகிறார்கள். கன்சோலை டிவியின் பக்கவாட்டுக்கு நகர்த்தினாலே பத்து டிபிஎம் வரை கூடும் இடங்கள் உண்டு.

மலிவு ரிப்பீட்டர் வாங்க வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், தாமதம் கூடும். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தரும் அமைப்பு) வைக்கிறீர்கள் என்றால் ஒரு பெட்டியைக் கன்சோலுக்கு அருகில் வைத்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து கன்சோலுக்குக் கேபிள் கொடுங்கள். கரண்ட் ஒயர் வழியாக நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரை, இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் நம்பலாம். ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது மெயினிலும் இருந்தால் பெரும்பாலும் கைவிடும்.

4. இரட்டை நேட்டை நீக்குங்கள்

ஓஎன்டியும் ஒரு ரவுட்டர்தான். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டினால் இரண்டும் முகவரி மாற்றும். வெளியிலிருந்து வரும் இணைப்பு முதல் பெட்டியிலேயே நின்றுவிடும்; உங்கள் ரவுட்டரில் போடும் எந்த அமைப்பும் அதற்குத் தெரியாது. அதனால் போர்ட், யூபிஎன்பி (கருவிகள் தாமே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) எதற்கும் போகும் முன் இதை முடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் ரவுட்டரின் வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் இரட்டை நேட்.

தீர்வு இரண்டு. முதலாவது, சொந்த ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுவது. ஐந்து நிமிட வேலை. ரவுட்டிங்கை ஓஎன்டியே பார்க்கும், உங்கள் பெட்டி வைஃபை மட்டும் தரும். அப்போது 5, 6, 7ஆம் படிகளில் ‘ரவுட்டர்’ என்று சொல்வதை ஓஎன்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் படியில் சொல்லும் வரிசை மேலாண்மை வேண்டாம் என்றால் இதுவே போதும்.

இரண்டாவது, ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டிங்கை உங்கள் ரவுட்டரிடம் விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்தும் முறை) மாற்றுவது. ஓஎன்டியின் வேன் அமைப்பில் இணைய இணைப்பை ‘ரவுட்’ என்பதிலிருந்து ‘பிரிட்ஜ்’ ஆக்கி, முதல் லேன் போர்ட்டோடு பிணைக்க வேண்டும். அந்த போர்ட்டிலிருந்து உங்கள் ரவுட்டரின் வேன் போர்ட்டுக்குக் கேபிள். பிறகு உங்கள் ரவுட்டரில் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு. விலேன் எண்ணை ஓஎன்டியிலேயே விட்டிருந்தால் ரவுட்டரில் மறுபடி போடாதீர்கள். இரண்டு இடத்திலும் போட்டால் லைன் ஏறாது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. லேண்ட்லைன் ஃபோனுக்கென்று ஓஎன்டியில் இருக்கும் தனி வேன் பதிவைச் சேர்த்து அழித்துவிடுவார்கள். ஃபோன் செத்துவிடும், அதைத் தொடாதீர்கள். உள்ளூர் நிறுவனங்கள் சில, இணைப்பைப் பழைய பெட்டியின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பூட்டி வைத்திருக்கும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் கஸ்டமர் கேரில் ‘மேக் ரீசெட்’ செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது, ஓஎன்டியும் ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 ஆக இருப்பது. ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீரும்.

பிரிட்ஜ் வசதியையே நிறுவனம் பூட்டி வைத்திருந்தால், ஓஎன்டியின் டிஎம்இசட்டில் (வரும் இணைப்புகளை எல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பு) உங்கள் ரவுட்டரின் வேன் ஐபியைப் போடுங்கள். இரட்டை நேட் போகாது, ஆனால் வரும் இணைப்புகள் எல்லாம் உங்கள் ரவுட்டர் வரை வந்து சேரும். பின்னால் ரவுட்டரின் ஃபயர்வால் இருப்பதால் ஆபத்தில்லை.

5. பொது ஐபி இருக்கிறதா என்று பாருங்கள்

இப்போது ரவுட்டரின் வேன் ஐபியைப் பாருங்கள். ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் தளம் காட்டும் ஐபியும் அதுவும் ஒன்றா? ஒன்றென்றால் 6ஆம் படிக்குப் போகலாம்.

வேன் ஐபி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால், நிறுவனம் தன் பக்கத்திலேயே இன்னொரு நேட் வைத்திருக்கிறது. ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். இந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் போடுவது வீண். கதவு அடைத்திருப்பது உங்கள் வீட்டில் இல்லை.

செய்யக்கூடியவை: மாதச் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம் கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது ஐபி) கேட்பது, அல்லது ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6ஐ இயக்குவது. எக்ஸ்பாக்ஸ் ஐபிவி6ஐ நன்றாகப் பயன்படுத்தும், எதிரே இருப்பவருக்கும் அது இருந்தால் நேட் குறுக்கே வராது. பிளேஸ்டேஷன் ஆட்டங்களில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். பிஎஸ்5 ‘நேட் டைப் 2’ காட்டினால் அதற்கு மேல் ஆசைப்படத் தேவையில்லை. டைப் 1 என்பது ரவுட்டரே இல்லாமல் நேரடியாக மாட்டியதற்கான அடையாளம், இலக்கு அல்ல. எக்ஸ்பாக்ஸில் ‘ஓப்பன்’ சிறந்தது, ‘மாடரேட்’டில் சில நண்பர்களோடு பார்ட்டி சேராமல் போகலாம். பிஎஸ்5இல் டைப் 3, எக்ஸ்பாக்ஸில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

6. கன்சோலுக்கு ஒரே ஐபி, பிறகு யூபிஎன்பி

ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி வழங்கும்) பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ இருக்கும். கன்சோலின் மேக் முகவரியைக் கொடுத்து, 192.168.50.20 போல ஒரு ஐபியை அதற்கென ஒதுக்குங்கள். கன்சோலுக்குள் போய் கையால் ஐபி போடுவதைவிட இது நல்லது. ஒரே எண்ணை ரவுட்டர் வேறு ஃபோனுக்குக் கொடுத்துவிடும் விபத்து நேராது.

கன்சோலில் லேனுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறொரு மேக். கேபிளில் ஆடுபவர் வைஃபை மேக்கைப் போட்டுவிட்டு ‘ஒதுக்கியும் ஐபி மாறுகிறதே’ என்று மண்டையை உடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

அடுத்து யூபிஎன்பியை இயக்குங்கள். தேவையான போர்ட்டைக் கன்சோலே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். இயக்கியபின் கன்சோலை ரெஸ்ட் மோடில் போடாமல் முழுதாக அணைத்து, ரவுட்டரை மறுபடி ஏற்றி, அது நின்று நிலைத்தபின் கன்சோலை ஏற்றுங்கள். வரிசை மாறினால் பழைய பதிவு ரவுட்டரில் தங்கிவிடும். யூபிஎன்பி பட்டியலில் கன்சோலின் ஐபி தெரிந்தால் வேலை முடிந்தது.

யூபிஎன்பியில் ஒரு குறை உண்டு: வீட்டில் இருக்கும் எந்தக் கருவியும் போர்ட் திறக்கலாம், மலிவு சிசிடிவி கேமரா உட்பட. அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் அதை அணைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒரே போர்ட்டுக்கு இரண்டு பதிவு மோதும்.

7. போர்ட் ஃபார்வர்டிங்: தேவைப்பட்டால் மட்டும்

பொது ஐபி இருந்தும், யூபிஎன்பி இயங்கியும் நேட் இறங்கவில்லை, அல்லது யூபிஎன்பியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால்தான் இது. இரண்டிலும் யூபிஎன்பியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிசிபி, யூடிபி என்பவை தகவல் அனுப்பும் இரண்டு முறைகள். பிளேஸ்டேஷனுக்கு: டிசிபி 3478 முதல் 3480, யூடிபி 3478, 3479. எக்ஸ்பாக்ஸுக்கு: டிசிபி, யூடிபி இரண்டிலும் 3074, யூடிபியில் 88, 500, 3544, 4500. எல்லாம் 6ஆம் படியில் ஒதுக்கிய ஐபிக்கு. வேறு ஐபி என்றால் போர்ட் திறந்தும் கன்சோலுக்கு எதுவும் வராது.

ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் என்றால் 3074ஐ ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும். மற்றதில் நெட்வொர்க் மேம்பட்ட அமைப்புக்குப் போய் ‘ஆல்டர்னேட் போர்ட் செலக்‌ஷன்’ மூலம் வேறு எண் எடுத்து, அதை ஃபார்வர்டு செய்யுங்கள். கால் ஆஃப் டியூட்டியும் 3074ஐக் கேட்கும். பிஎஸ்5உம் எக்ஸ்பாக்ஸும் சேர்ந்த வீட்டில் இது மோதும், அங்கே யூபிஎன்பியே சௌகரியம்.

ஸ்விட்சுக்கு நிண்டெண்டோ சொல்லும் போர்ட் வரம்பு மிகப் பெரியது, ஏறக்குறைய எல்லாவற்றையும் திறப்பதுதான். யூபிஎன்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. வரிசை நெரிசலை அடக்குங்கள்

கேபிள் போட்டாகிவிட்டது, நேட் சரி, ஆனாலும் யாராவது வீடியோ அனுப்பினால் உடனே லேக். வீட்டு நெட்டில் கேமிங்குக்கு அதிகம் தொல்லை தருவது இதுதான், குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

காரணம் இது. அப்லோடு நிரம்பும்போது ஓஎன்டி பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கும். அந்த வரிசை 1 எம்பி சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 எம்பிபிஎஸ் அப்லோடில் அது கரைய 8 மெகாபிட்டை 40ஆல் வகுத்தால் 0.2 நொடி, அதாவது 200 மில்லிவினாடி. உங்கள் துப்பாக்கிச் சூடு அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஃபோனின் போட்டோ பேக்கப், சிசிடிவியின் கிளவுட் பதிவு எல்லாம் இதைச் செய்யும்.

லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரத்தை விரியுங்கள். சும்மா இருக்கும்போது உள்ள தாமதமும் பாரம் ஏறியபோது உள்ள தாமதமும் தனித்தனியாகக் காட்டும். சும்மா இருக்கும்போது 12 மில்லிவினாடி, பாரத்தில் 25 என்றால் நல்ல லைன், கை வைக்க வேண்டாம். 12க்கு 180 என்றால் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

தீர்வு, வரிசை ஓஎன்டியில் சேரவிடாமல் உங்கள் ரவுட்டரிலேயே நிறுத்துவது. அதற்கு ரவுட்டர் லைனின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக அனுப்ப வேண்டும், தன் வரிசையை நியாயமாகப் பங்கிட வேண்டும். எஸ்க்யூஎம் என்ற அமைப்பும் அதற்குள் இருக்கும் கேக், எஃப்க்யூ கோடெல் முறைகளும் செய்வது இதைத்தான்.

ஓப்பன்டபிள்யூஆர்டி எனும் இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்க்யூஎம் பேக்கேஜை நிறுவி, நெட்வொர்க் மெனுவில் அதைத் திறங்கள். இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் பிபிபிஓஇ இணைப்பானால் பிபிபிஓஇ வேனையே தேர்ந்தெடுங்கள். மூன்று முறை அளந்த வேகத்தின் சராசரியில் 90 சதவீதம் போடுங்கள். க்யூ முறை கேக், ஸ்கிரிப்ட் ‘பீஸ் ஆஃப் கேக்’. லிங்க் லேயரில் ஈத்தர்நெட், ஓவர்ஹெட் 44.

அந்த வேகக் கட்டம் கிலோபிட்டில் கேட்கிறது. 100 எம்பிபிஎஸ் லைனுக்கு 90000 என்று போட வேண்டும். 90 என்று போட்டுவிட்டு நெட்டே செத்துப்போனதாக நினைத்து ரவுட்டரை ரீசெட் செய்பவர்கள் ஏராளம்.

இன்னொரு தவறு: ஃபயர்வால் பக்கத்தில் ‘ஃப்ளோ ஆஃப்லோடிங்’ இயங்கிக்கொண்டிருப்பது. அது பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும், எஸ்க்யூஎம் கண்ணிலேயே படாது. அணையுங்கள்.

போட்டபின் மறுபடி அளங்கள். பாரத் தாமதம் இன்னும் எகிறினால் 90ஐ 85 ஆக்குங்கள். நன்றாக இருந்தால் மெல்ல 95 வரை ஏற்றிப் பாருங்கள். அப்லோடையும் டவுன்லோடையும் தனித்தனியாக மாற்றுங்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இந்தக் கணக்கு முழுவதும் ரவுட்டரின் சிபியு தலையில் விழும். 300 எம்பிபிஎஸ் லைனில் பழைய ரவுட்டரைப் போட்டு எஸ்க்யூஎம் இயக்கினால் வேகமே பாதியாகலாம். அப்போது டவுன்லோடு கட்டத்தில் 0 போட்டு அதை விட்டுவிட்டு, அப்லோடை மட்டும் அடக்குங்கள். வீட்டில் தொல்லை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

எஸ்க்யூஎம் இல்லாத ரவுட்டரில் க்யூஓஎஸ் என்ற பக்கம் இருக்கும். மொத்த வேகத்தை நிஜ வேகத்தின் 90 சதவீதமாகப் போட்டு, கன்சோலுக்கு முன்னுரிமை கொடுங்கள். மொத்த வேகம் என்ற இடத்தை 1000 என்று விட்டுவிட்டு முன்னுரிமையை மட்டும் போட்டால் எதுவும் நடக்காது. ரவுட்டர் தன்னிடம் நெரிசலே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கமும் இல்லை என்றால், போட்டோ பேக்கப்பை இரவு 1 மணிக்குத் தள்ளுங்கள், கேம் அப்டேட்டை பிஎஸ்5இன் ரெஸ்ட் மோடுக்கு விடுங்கள்.

9. தொடவே வேண்டாதவை

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையாது. பெயரை ஐபியாக மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. மேட்ச் தொடங்கியபின் அது பாதையில் இல்லை. நிறுவனத்தின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்தால் மட்டும் மாற்றுங்கள்.

எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1473 ஆக்கச் சொல்லும் குறிப்பு எங்கும் சுற்றுகிறது. வேண்டாம். சாதாரண லைனுக்கு 1500. பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுப்பதால் ரவுட்டரில் 1492. கன்சோலில் ஆட்டோ.

கன்சோலை டிஎம்இசட்டில் வைப்பது கடைசி வழி, அதுவும் கோளாறு எங்கே என்று பார்க்கச் சிறிது நேரம் மட்டும். லேப்டாப்பை ஒருபோதும் வைக்காதீர்கள்.

எட்டு ஆன்டெனா வைத்த கேமிங் ரவுட்டர் வாங்கும் முன், அதில் எஸ்க்யூஎம் அல்லது கேக் இருக்கிறதா என்று கேளுங்கள். சிவப்பு விளக்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

10. கரண்டும் பராமரிப்பும்

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து ஏறும். ஓஎன்டி மறுபடி லைனில் பதிவாகவே ஓரிரு நிமிடம் ஆகும், மேட்ச் போச்சு. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து வையுங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டரின் லேபிளையும் படியுங்கள்: இரண்டும் 12 வோல்ட்தானா, ஆம்பியரின் கூட்டுத்தொகையை யூபிஎஸ் தாங்குமா. ரவுட்டருக்குப் போட்டுவிட்டு ஓஎன்டியை மறந்தால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது.

அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸையும் (பொத்தான் அல்லது பின் எண்ணால் வைஃபையில் சேரும் வசதி) ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் அணையுங்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளில் ரவுட்டரின் அமைப்பை பேக்கப் கோப்பாக இறக்கி, பிபிபிஓஇ விவரத்தோடு லேப்டாப்பில் வையுங்கள். நிறுவனத்து ஆள் அடுத்த முறை ஓஎன்டியை மாற்றிவிட்டுப் போனால் பிரிட்ஜ் அமைப்பும் சேர்ந்து போய்விடும். அன்று 4ஆம் படியிலிருந்து தொடங்கினால் போதும். கேபிளும் வைஃபையும் அப்படியே இருக்கும்.